எட்டிப்பட்டமும் நெடுமொழியும்

பட்டம் என்னும் சொல் நம் மொழியில் இரு பொருள்பட வழங்குகிறது. பயின்று தேறியவன் பெறுவதும் பட்டம். அரசு மகிழ்ந்து அளிப்பதும் பட்டம். (சிறுவர் நூல் கட்டிப் பறக்கவிடுவதும் பட்டந்தான், அதனை ஈண்டு விட்டுவிடலாம்.) 2024-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள், தம் 86-ஆம் அகவையில் மறைந்த டான் ஸ்ரீ ஆனந்தகிருஷ்ணன் அவர்களைப் பற்றி வந்த புகழுரைகளைப் படித்தபோது, இவ்விரு பட்டங்களுள் ஒன்றையே நம்மவர் கண்டனர் என்று எனக்குப் பட்டது.

பண்டைத் தமிழகத்தில் படைத்தலைவரை ஏனாதி என்றும், அமைச்சர் முதலியோரைக் காவிதி என்றும், வணிகரை எட்டி என்றும் மன்னர் சிறப்பித்தனர். மணிமேகலையில் வரும் எட்டிகுமரனைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். எட்டிப்பட்டத்தோடு பொற்பூவும் அளிப்பதுண்டு. நம் நாட்டில் மாமன்னர் அளிக்கும் விருதின் வழியே வரும் டான் ஸ்ரீ என்னும் சிறப்புப்பெயரும் அவ்வகையைச் சேர்ந்ததே. அதனைத் தாங்குவோர் எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு. ஆகவே பெருவணிகர் ஒருவர் அதனைப் பெற்றதில் வியப்பில்லை. பெற்றபின் அவர் நடந்துகொண்ட முறையே வியப்புக்குரியது.

தொல்காப்பியர் வஞ்சித்திணையின் துறைகளை அடுக்குமிடத்தில், அரசனால் மாராயம் பெற்றவன் கூறும் நெடுமொழியையும் ஒன்றாக வைத்தார். சிறப்புப் பெற்ற வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைத்தல் அவ்விடத்தில் குற்றமாகாது. ஆனந்தகிருஷ்ணன் அவர்களுக்கும் அவ்வுரிமை இருந்தது. அவரோ மேடையை ஒதுக்கினார். செய்தியாளரைக் கண்டு பேசுவதும் அரிதாகவே இருந்தது. நெடுமொழி கூறாத எட்டி அவர். அவர் கூறாது விட்டதை அவர் மறைந்தபின் நாம் கூறத் தொடங்கினோம். அங்கேதான் பிழைகள் புகுந்தன.

இரட்டைக் கோபுரத்தை அவரே கட்டினார் என்று எழுதியோர் உளர். அம்பாங் சாலையை ஒட்டிய பழைய குதிரைப்பந்தயத் திடலை நகர மையமாக்கும் திட்டத்தில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு, அது மெய். ஆனால் 452 மீட்டர் உயர்ந்து நிற்கும் அக்கோபுரங்கள் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்குவன. அவற்றை வரைந்தவர் சீசர் பெல்லி என்னும் கட்டடக் கலைஞர். ஒன்றை ஜப்பானியர் தலைமையிலும் மற்றொன்றைக் கொரியர் தலைமையிலும் அமைந்த நிறுவனக் கூட்டுகள் எழுப்பின. அவ்வாறே மீசாட் செயற்கைக்கோளை அவரே விண்ணில் ஏவினார் என்றும் எழுதினர். அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனம் செய்த அக்கோளை, பிரெஞ்சு கயானாவின் கூரு தளத்திலிருந்து ஏரியான் ஏவுகணை 1996 சனவரியில் கொண்டு சென்றது.

இவ்வாறு கூறுவதால் அவர் புகழ் குறைந்துவிடாது. தஞ்சைப் பெரியகோயிலை எடுப்பித்தவன் இராசராசனே; ஆயினும் குஞ்சரமல்லனான பெருந்தச்சனின் பெயர் அக்கோயிற் கல்வெட்டில் இடம்பெற்றிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டியவர்க்கு இருந்த நேர்மை, இன்று தாளில் எழுதும் நமக்கும் வேண்டாவா?

முதலீட்டாளர் கலை வேறு வகையது. கோளைச் செய்பவன் ஓரிடத்தில், ஏவுபவன் ஓரிடத்தில், பணம் கடன் தருபவன் மற்றோரிடத்தில். இவர்களை ஒருங்கு கூட்டி, வருமா வராதா என்று தெரியாத வருவாயை நம்பிப் பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்பது அக்கலை. 1995-இல் மேக்சிஸ் கைப்பேசிச் சேவை தொடங்கியது. 1996-இல் கோளும் அஸ்ட்ரோவும் வந்தன. அடுத்த ஆண்டே ஆசிய நாணய நெருக்கடி சூழ்ந்து, ரிங்கிட் சரிந்தது. டாலரில் விலை பேசிய கோளை வைத்துக்கொண்டு ரிங்கிட்டில் சந்தா வாங்கும் தொழில் அன்று எந்நிலையில் இருந்திருக்கும் என்பதைக் கணக்கறிந்தோர் எண்ணிப் பார்க்கட்டும். அத்தொழில் நிலைத்து நின்றதே அவருடைய உண்மையான வெற்றி. புகழுரைகள் அதனைத் தொடவில்லை. செல்வர் பட்டியலில் அவர் எத்தனையாவது இடம் என்பதையே திரும்பத் திரும்பக் கூறின.

லயத்து வீட்டுக் கூரைகளில் அஸ்ட்ரோ தட்டுகள் முளைத்த நாள்களை நான் அறிவேன். பயிற்சி முடித்து வந்த இளம் ஆசிரியன் அப்போது. வானவில் அலைவரிசையால் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் கெட்டது என்று சினந்ததும் உண்டு. ஆனால் காட்டுக்குள் கிடந்த தோட்டத்துக் குடும்பத்துக்கு நாள் முழுதும் தமிழ் கேட்க வாய்த்ததை மறுக்கவியலாது.

புகழுரைகள் விட்டுவிட்டவையும் உள. இந்தியாவில் அவர் பெரும்பொருள் இட்ட ஏர்செல் 2018-இல் நொடித்தது. அதன் பங்குகளை வாங்கியது தொடர்பாக இந்திய மத்தியப் புலனாய்வுத் துறை 2014-இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு எதுவும் வரவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கலாம். மிகைபடக் கூறலைப் போலவே குன்றக் கூறலும் நூற்குற்றம் என்று நாம்தானே வகுப்பில் கற்பிக்கிறோம்?

எனக்கு மிகவும் உறுத்தியது வேறொன்று. அவர் 1938-இல் பிரிக்பீல்ட்ஸில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் பயின்றார். பின்னர் விக்டோரியா கல்விக்கூடம். கொழும்புத் திட்ட உதவிச்சம்பளத்தில் மெல்போர்ன் பல்கலைக்கழகம். 1964-இல் ஹார்வர்டு மேற்பட்டம். உழைத்து ஈட்டிய பட்டங்கள் இவையே. இவற்றுக்குப் பெரும்பாலோர் ஒரு வரிக்கு மேல் இடம் தரவில்லை. தந்தவருள்ளும் சிலர் தமிழ்ப்பள்ளியைத் தாண்டி விக்டோரியாவில் தொடங்கினர்.

அவ்விடுபாடு சிறிதன்று. ஷா ஆலத்தில் எங்கள் பள்ளிப் பெயர்ப்பலகையில் ‘லாடாங்’ என்னும் சொல் இன்னும் இருக்கிறது. தோட்டமோ வீடமைப்பாக மாறி நாளாயிற்று. ஒவ்வோராண்டும் முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போது, தமிழ்ப்பள்ளியில் படித்தால் பிள்ளை முன்னேறுமா என்று கேட்கும் பெற்றோர்க்கு நான் விடை கூறவேண்டியுள்ளது. சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி இவரைப் பற்றி அழகிய கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி வந்தாள். பெருஞ்செல்வர், டான் ஸ்ரீ, கோபுரம் கட்டியவர் என்று நிறைத்திருந்தாள். அவர் நம்மைப்போல் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் அம்மா என்றேன். “மெய்யாகவா ஐயா?” என்று கேட்டவள், விளையாட்டுக்குச் சொல்கிறேனோ என்று என் முகத்தையே பார்த்தாள். அவள் படித்த கட்டுரைகளில் அச்செய்தி இல்லை.

தமிழ்ப்பள்ளியே அவரை ஆக்கிற்று என்று நான் வாதிட வரவில்லை. அது நாம் நமக்காகக் கூறிக்கொள்ளும் மற்றொரு நெடுமொழியாகிவிடும். தொடக்கக் கல்விக்குப்பின் அவர் பயின்றதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியில் தொடங்கியது அவருக்குத் தடையாகவில்லை என்ற அளவுக்கே சான்று உண்டு. அந்த அளவே எனக்குப் போதும்.

அம்மாணவியின் கட்டுரையை இருவரும் சேர்ந்து மாற்றி எழுதினோம். 1938 முதல் வரியில் வந்தது. பள்ளி இரண்டாம் வரியில். கோபுரத்துக்குப் பெல்லியின் பெயரும் சேர்ந்தது. சிறப்புப்பெயரை இறுதியில் வைத்தது மரியாதைக் குறைவாகாதா என்று உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். பெயருக்கு முன் டான் ஸ்ரீ அப்படியே இருக்கிறது, அது எப்போது வந்தது என்பதைத்தான் உரிய இடத்தில் வைத்தோம் என்றேன். அவருக்கு முழு நிறைவில்லை. கட்டுரை வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.