ஊஞ்சல் பலகைக்கு யார் விலை வைப்பது?

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு பழைய வீடு கைமாறுகிறது என்றால் முதலில் வெளியே வருவது ஊஞ்சல் பலகைதான். சங்கிலியைக் கழற்றி, நாலு பேர் கூடி, வாசல் நிலையில் இடிக்காமல் சாய்த்துப் பிடித்து, தெருவில் நிற்கும் சிறு லாரியில் ஏற்றுவார்கள். அதன் பின்னால் பத்தாயம், சாய்வு நாற்காலி, பித்தளைக் கோளாம்பி, உருளி, வெண்கலப் பானை, ரசம் போன நிலைக்கண்ணாடி, ஓடாத சுவர்க் கடிகாரம். கடைசியாகப் பூஜை அறையில் புகையேறிக் கிடந்த ரவிவர்மா படம். வராகமூர்த்தி கோயில் குளத்தைச் சுற்றியும் கோட்டையை ஒட்டிய தெருக்களிலும் இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பிள்ளைகள் பெங்களூரில் இருப்பார்கள், இல்லையென்றால் கடல் தாண்டி இருப்பார்கள். மனையை வாங்கியவர் அடுக்குமாடிக்கு நாள் குறித்திருப்பார். சாமான்கள் அதற்குள் போயாக வேண்டும்.

பேரம் திண்ணையில் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். வாங்க வந்தவருக்கு மரம் தெரியும், சந்தை தெரியும், எந்த ஊர் ஓட்டல்காரர் எதைத் தேடுகிறார் என்பதும் தெரியும். விற்பவருக்குத் தெரிந்தது வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதி மட்டுமே. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று ஒரு தொகை சொன்னார்கள், வாங்கிக்கொண்டோம். தாத்தாவின் ஈட்டிமரச் சாய்வு நாற்காலியும் உடைந்த மர ஏணியும் அந்த ஒரே தொகைக்குள் போயின. நாற்காலிக்கு அதில் எவ்வளவு என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

பழம்பொருள் ஏலத்தைப் பற்றிப் பேச வேண்டிய காரணம் இங்கேதான் இருக்கிறது. நியாயமாக நடக்கும் ஏலத்தில் நாற்காலி தனி, ஏணி தனி. ஒவ்வொன்றும் ஒரு எண் பெற்று, பார்வைக்கு வைக்கப்பட்டு, பலர் முன்னால் விலை கூறப்படுகிறது. எதற்கு என்ன விலை என்பதைத் திண்ணைப் பேரம் மறைக்கிறது, ஏலம் வெளியே சொல்கிறது. அதன் முதல் பலம் அது, என் கணக்கில் மிகப் பெரிய பலமும் அதுதான்.

ஆனால் நம் வீடுகளில் அந்தச் சொல்லையே வாயில் எடுக்கத் தயங்குவார்கள். ‘லெய்லாங்’ என்ற போர்த்துக்கீசியச் சொல் தமிழில் ‘ஏலம்’ ஆயிற்று, மலையாளத்தில் ‘லேலம்’ ஆயிற்று. அந்தப் போர்த்துக்கீசியச் சொல்லுக்கு மூலமோ ‘அறிவித்தல்’ என்னும் பொருளுடைய அரபுச் சொல். அறிவிப்பு என்ற மூலப் பொருள் நம்மிடம் வந்தபோது அவமானமாகத் திரிந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் லேலம் என்றால் நினைவுக்கு வருவது சிட்டி (சீட்டு) லேலம், மீட்கப்படாத அடகு நகை, வங்கி ஜப்தி செய்த வீடு. ‘ஏலத்துக்குப் போயிற்று’ என்பது ஒரு குடும்பம் நொடித்ததைச் சொல்லும் சொற்றொடர். ஆகவே மானத்துக்கு அஞ்சிப் பின்வாசல் வழியாக விற்கிறோம். இந்த அச்சத்தால் லாபம் அடைந்தவர் இடைத்தரகர் மட்டுமே.

கொல்கத்தாவில் அந்த அச்சம் குறைவு. 1940இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் ஞாயிறுதோறும் ஏலம் நடத்திப் பேர் வாங்கியது. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன மேசைகளும் ஜமீன் வீட்டு விளக்குகளும் அங்கே சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்தன. சென்னையில் மர்ரே நிறுவனம் அந்த வேலையை நெடுங்காலம் செய்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கூட ஒரு பீங்கான் தட்டோடு வீடு திரும்பலாம். பொருள் மீண்டும் ஒரு வீட்டுக்குள் புழங்கும் பொருளாகவே போய்ச் சேர்ந்தது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எட்டாத விலையில் நிற்பதைவிட இது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு குறைகளுக்கு வருகிறேன். ஏலம் நியாயமாக நடக்க, ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொள்ளாத பலர் கேட்க வேண்டும். நாலு வியாபாரிகள் முன்கூட்டியே கூட்டுச் சேர்ந்து ஒருவரை மட்டும் கேட்கவிட்டு, பிறகு தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டால், திண்ணைப் பேரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஏலம் நடத்துபவரே நம்பகம் இழந்த வரலாறும் உண்டு. உலகின் இரு பெரும் ஏல நிறுவனங்களான சோத்பீஸும் கிறிஸ்டீஸும் தரகுக் கட்டணத்தைத் தங்களுக்குள் பேசி வைத்து வசூலித்தது 2000ஆம் ஆண்டில் அம்பலமானது. வாடிக்கையாளர்களுக்கு 51.2 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தார்கள். சோத்பீஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் டாப்மன் சிறைக்குப் போனார். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால், குறைந்தபட்ச விலை எழுதப்படாத ஓர் உள்ளூர் ஏலத்தில் விற்பவர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

வாங்குபவருக்கும் ஆபத்து உண்டு. ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனை ஏலத்தின் அடிப்படை. இடித்த வீட்டின் உத்தரத்தை அறுத்துப் போன மாதம் செய்த மேசை, மரத்தின் வயதைக் காட்டித் தன் வயதை மறைத்துவிடும். தேக்கு பழையதுதான், மேசைதான் புதியது. இழுப்பறையை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மூட்டுகளில் கை உளியின் ஒழுங்கின்மை தெரிகிறதா, முளைக்குச்சி அடித்திருக்கிறதா, எந்திரத் திருகாணி இருக்கிறதா, கால் படும் இடத்திலும் கை படும் இடத்திலும் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்த பழைமை சந்தேகத்துக்குரியது. பார்வையிட ஒரு முழுநாள் தரும் ஏலத்தில் இதையெல்லாம் செய்யலாம். கைப்பேசித் திரையில் மூன்று படம் மட்டும் காட்டும் இணைய ஏலத்தில் முடியாது. இணையம் கேட்பவர் கூட்டத்தைப் பெருக்கிக் கூட்டுச்சதியைக் கடினமாக்கியது உண்மை. அதற்கு விலையாகத் தொடுதலைப் பறித்துக்கொண்டது.

இவை திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். திருத்தக் கடினமான குறை வேறொன்று. சுத்தியல் விழும் நொடியில் பொருள் தன் ஊரையும் வீட்டையும் இழக்கிறது.

சண்டிகர் இதற்கு நல்ல பாடம். லெ கொர்புசியே அமைத்த அந்த நகரத்தின் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பியர் ழான்னரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகள், பிரம்பு பின்னிய இருக்கைகள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. பழசாகிப்போனவை ‘கழிவுப் பொருள்’ என்ற தலைப்பில் அரசு ஏலத்தில் குவியலாக விற்கப்பட்டன. வெளிநாட்டு வணிகர்கள் அள்ளிப் போய்ப் புதுப்பித்து, பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒவ்வொன்றாக ஏலம் விட்டார்கள். ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் இந்த நாற்காலிகளின் பயணத்தைப் பின்னோக்கிப் பிடித்து 2013இல் ஒரு படமே எடுத்தார். மத்திய உள்துறை அமைச்சகம் 2011இல்தான் விழித்துக்கொண்டு விற்பனைக்குத் தடை போட்டது. அதற்குள் போனவை போயின. ஒரே நாற்காலி, இரண்டு ஏலம். முதல் ஏலத்தில் அது எதுவென்று எழுத யாரும் இல்லை, இரண்டாவதில் எழுதினார்கள். விலையில் வந்த மலையளவு வேறுபாட்டில் பெரும்பங்கு அந்த எழுத்துக்கு உரியது.

எழுத்து பொய்யாகவும் இருக்கலாம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியபோது முந்தைய உரிமை பற்றிய தாள்கள் கூடவே வந்தன, எல்லாம் போலி. சிலை 2014இல் திரும்பியது. விற்ற சுபாஷ் கபூருக்கு வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்தாண்டு தண்டனை விதித்தது. அது ஏலத்தில் நடந்த விற்பனை இல்லை என்றாலும், ஏலப் பட்டியலில் வரும் ‘தனியார் சேகரிப்பு’ என்ற இரண்டு சொல்லை நான் நம்பாததற்கு அந்த நடராஜரே காரணம். மாறாக, புத்தரின் அஸ்தியோடு புதைக்கப்பட்ட பிப்ரவா மணிகளை 2025 மே மாதம் ஹாங்காங்கில் சோத்பீஸ் ஏலம் விடவிருந்தது. அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதில் ஐயமே இல்லாததால்தான் இந்திய அரசால் தடுக்க முடிந்தது. மூன்று மாதத்துக்குள் கோத்ரெஜ் குழுமத்தின் உதவியோடு அவை நாடு திரும்பின.

நம் வீட்டுச் சாமான்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் எதுவும் தொல்பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்ததும் அதில் அடங்கும். சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். வணிகமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் எவரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. 1920களில் கட்டிய வீடுகளின் தூணும் கதவும் இப்போது ஒவ்வொன்றாக இந்த எல்லையைக் கடக்கின்றன. வீட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாட்டியின் பெட்டியில் தந்தச் சிமிழ் இருந்தால் அதை எந்த ஏலத்துக்கும் கொண்டுபோகக் கூடாது, வனவிலங்குச் சட்டம் தந்த வணிகத்தை அறவே தடை செய்திருக்கிறது. தந்தச் செதுக்குக் கலைக்குப் பேர்போன ஊர் நம்முடையது. உத்திரம் திருநாள் மகாராஜா விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. அந்தக் கைகளின் வேலையை இன்று பார்க்கலாம், உரிமைச் சான்று இருந்தால் வைத்துக்கொள்ளலாம், விற்க மட்டும் முடியாது. அது சரியான தடை.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் பதிவு கட்டாயம், சாதாரணக் கட்டிலுக்கும் பத்தாயத்துக்கும் கிடையாது. ஆகவே ஒரு தெருவின் மர வாழ்க்கை முழுவதும் எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் மறைந்துபோகலாம். மட்டாஞ்சேரியில் யூதக் குடும்பங்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின் யூதத்தெரு பழம்பொருள் கடைவீதி ஆனது. காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. தூணைக் காட்டி எந்த வீடு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. ஸ்ரீவராகம் அந்த வழியில்தான் போகிறது.

பத்மநாபபுரம் அரண்மனையில் மூலிகை மரத்துண்டுகளைப் பொருத்திச் செய்த ராஜா கட்டிலைப் பார்த்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் புரியும். நின்ற அறையிலேயே நிற்பதால் அது எதற்கு, யாருக்கு என்று விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் எல்லா வீட்டையும் அரண்மனைபோல் காக்க முடியாது. வாடகை வீட்டுக்கும் இரண்டு படுக்கையறைக் குடியிருப்புக்கும் போகிறவர் பத்தாயத்தைக் கொண்டுபோக முடியாது. விற்பதைக் குற்றமாகப் பேசுவது அநியாயம்.

என் தீர்ப்பு இது. மேசை, நாற்காலி, கட்டில், கடிகாரம், பாத்திரம், சங்குமுத்திரை போட்ட திருவிதாங்கூர் அஞ்சல்தலை, சக்கரம், காசு என்ற நாணயங்கள் ஆகியவற்றுக்கு வெளிப்படையான ஏலமே நல்ல வழி. தனித்தனி எண், எழுதிய குறைந்தபட்ச விலை, ஒருநாள் பார்வை, கட்டணம் முன்கூட்டியே தெரிதல் என்ற நான்கும் இருந்தால் திண்ணைப் பேரத்தைவிட எல்லா வகையிலும் மேல். வழிபட்ட விக்கிரகத்தை ஏலத்தில் வைக்கக் கூடாது. ஓலைச்சுவடியும் குடும்பக் கணக்கேடும் கடிதக்கட்டும் அப்படியே. இவை ஒருவர் வாங்கிப் பூட்டிக்கொண்டால் ஊருக்கே இல்லாமல் போகும். சுவடிகளுக்குக் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. கோட்டையில், நாம் நடந்து போகும் தூரத்தில், 2022 டிசம்பரில் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் இருக்கிறது. பழைய காகிதக்காரரிடம் எடை போடுவதற்கு முன் அங்கே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

விற்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் விருப்பம். எதைச் செய்தாலும் முன்னதாக ஒரு தாள் எழுதுங்கள். இந்தப் பலகை எந்த வீட்டில், எந்தக் கூடத்தில் தொங்கியது, எந்த மரம், யார் கல்யாணத்துக்குச் செய்தது, ஆசாரி எந்த ஊர்க்காரர். கூடத்தில் தொங்கும்போதே ஒரு படம் எடுத்து அதோடு ஒட்டி, ஒரு நகலைப் பொருளோடு அனுப்பி, ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காரர் பட்டியலில் அச்சிட அது உதவும், விலையும் கூடும். வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள்.