நன்னன் வாயிலும் பாசப்பா தோட்டமும்

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்பது மலைபடுகடாம். 583 அடிகளையுடைய இப்பாட்டு, அத்தொகுதியுள் நீளத்தால் மதுரைக்காஞ்சிக்கு அடுத்தது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாடியது. இதனைப் பாடம் சொல்லும் ஆசிரியர் பலரும் மலைவழியின் வருணனையிலேயே நெடுநேரம் நின்றுவிடுகின்றனர். பாட்டின் இறுதியை நெருங்கும்போது நன்னனுடைய பெருவாயில் வருகிறது. அங்கே வந்து நெருங்கிய பொருள்களைப் புலவர் ஒன்றொன்றாக அடுக்குகிறார். “மன்னனின் செல்வச் சிறப்புக் கூறப்பட்டது” என்ற ஒரு தொடரோடு நாம் அதனைக் கடந்துவிடுகிறோம். அப்படிக் கடந்துவிடத்தக்க பகுதியன்று அது என்பதே இக்கட்டுரையின் கருத்து. சிங்கப்பூரில் வாழும் தமிழர்க்கு அதனை நின்று படிக்கத் தனிக் காரணமும் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

அவ்வாயிலில் பலாப்பழமும் மிளகும் சந்தனமும் குவிந்து கிடக்கின்றன. அவற்றோடு உயிருள்ளவையும் இருக்கின்றன. ஆமானும் யானையின் இளங்கன்றும் நிற்கின்றன. வளைந்த அடியையுடைய கரடிக்குட்டி ஒன்று இருக்கிறது. மலையில் வாழும் வருடையின் கொம்பு முதிர்ந்த ஆண், சிறிய கண்ணையுடைய கீரி, பெரிய செவியையுடைய மரையின் கன்று, உடும்பு, மயில், காட்டுச் சேவல் ஆகியவை தொடர்கின்றன. இன்றைய சொல்லில் கூறினால் இஃது ஒரு விலங்குக் காட்சிச்சாலை. சங்க இலக்கியத்துள் காட்டு விலங்குகள் இத்தனை ஓரிடத்தில், காட்டுக்கு வெளியே, மனிதர் பார்வைக்கு வந்து நிற்கும் இடம் அரிது.

இவ்வடுக்கில் முதலில் நோக்கத்தக்கது பெயரிடும் முறை. புலவர் எல்லாவற்றையும் ‘குட்டி’ என்று ஒரே சொல்லால் அழைத்துவிடவில்லை. யானைக்கும் மரைக்கும் ‘குழவி’ என்கிறார். உடும்பின் ஆணை ‘ஏற்றை’ என்கிறார். வருடையின் ஆண் ‘தகர்’. காட்டுக்கோழியின் ஆண் ‘சேவல்’. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர் ஒன்பது என்று வகுத்து, யானைக்கும் மரைக்கும் குழவி என்னும் பெயர் உரியது என்கிறது. ஆற்றல் மிக்க ஆண்பாலுக்கு ஏற்றை என்னும் சொல்லை உரிமையாக்குகிறது. இலக்கணம் விதித்தது, செய்யுள் அதனைப் பின்பற்றியது என்று சொல்லி நின்றுவிடுதல் போதாது. கன்று ஒன்றைக் குழவி என்று அழைப்பவன் அதன் தாயையும் நினைக்கிறான். ஏற்றை என்று அழைப்பவன் அதன் வலிமையை நினைக்கிறான். பெயரிலேயே அவ்வுயிரின் குடும்பமும் இயல்பும் அடங்கியிருக்கின்றன.

இரண்டாவதாக நோக்கத்தக்கவை அடைமொழிகள். உடும்பைச் சொல்லுமுன் அது தவழ்ந்து திரிந்த நிலத்தைச் சொல்கிறார். அரக்கை விரித்தாற்போலச் சிவந்து, பருக்கைக் கற்கள் நிறைந்த நிலம் அது. கீரியைச் சொல்லுமுன் அது பாம்பை வென்ற திறத்தைச் சொல்கிறார். மரையின் கன்றைச் சொல்லும்போது, குகையில் ஒடுங்கியிருக்கும் புலியின் கொலைத்தொழிலும் உடன் வருகிறது. எல்லாவற்றினும் மேலாக, அடுக்கின் தொடக்கத்தில் நிற்கும் ஆமானைக் கூறுமிடத்தில், தீப்போன்ற பூக்களையுடைய மரா மரத்தையும், கூட்டம் ஓடிப்போக அது வலிய அகப்படுத்தப்பட்டதையும் சேர்த்தே கூறுகிறார். வாயிலில் நிற்பது ஒரு விலங்கு. ஆனால் படிப்பவன் காண்பது பூத்த மரத்தையும், அதன் அருகே சிதறி ஓடும் கூட்டத்தையும், பின்தங்கிவிட்ட ஒன்றையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். புலவர் விலங்குகளுக்காக இரங்கிப் பாடினார் என்று கூறிவிடுதல் மிகை. அவர் பாடியது நன்னனின் பெருமை. ‘ஊமை’ என்ற அடையைக் கரடிக்குத் தந்திருப்பதைக் கொண்டு, சிறைப்பட்டதால் அதன் வாய் அடைத்துவிட்டது என்று பொருள் செய்தலும் பொருந்தாது. அது கரடியின் இயல்பு பற்றிய அடையே. ஆயினும் பாட்டின் அமைப்பு நமக்குச் சிலவற்றைச் சொல்லாமற் சொல்கிறது. மலைபடுகடாம் என்னும் பெயரே மலையில் எழும் ஓசைகள் பற்றியது. வழியில் கூத்தர் கேட்கும் ஒலிகளுள் புலி பாய்ந்தபோது கன்றைக் காக்க யானைக் கூட்டம் எழுப்பும் முழக்கம் உண்டு. பிளவில் வீழ்ந்த தன் பார்ப்புக்காக மந்தி எழுப்பும் பூசல் உண்டு. அவற்றைக் கேட்ட செவியோடுதான் நாம் வாயிலை அடைகிறோம். அங்கே காட்டுச் சேவலின் குரல் ஒன்றே நினைவுக்கு வருகிறது, யானைக்கன்று முழங்கவில்லை. மலையில் தாயும் கன்றுமாகக் கண்டவற்றை வாயிலில் தனித்தனியாகக் காண்கிறோம். இவ்வேறுபாட்டைப் புலவர் எடுத்துரைக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

இத்தனையும் வந்து கூடிய வாயிலுக்கு அவர் கூறும் உவமை, குடமலையில் பிறந்த காவிரி கடலோடு கலக்கும் புகார்முகம். பல இடத்துப் பொருள்களை ஆறு அடித்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் சேர்ப்பது போல என்பது கருத்து. துறைமுக நகரமாகிய சிங்கப்பூருக்கு இவ்வுவமை எவ்வளவு பொருந்தும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

சிராங்கூன் சாலை 317ஆம் எண் வீட்டில் நன்னன் வாயில் போன்ற ஒன்று உண்மையிலேயே இருந்தது. இந்திய வழியினரும் நிலவுடைமையாளருமான வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா (1893–1943) 1920-களின் தொடக்கத்தில் அங்கே தம் விலங்குகளைப் பொதுமக்கள் காணச் செய்தார். 1905ஆம் ஆண்டிலேயே தாவரத் தோட்டத்து விலங்குச்சாலை மூடப்பட்டுவிட்டதனால், நகரில் அத்தகைய இடம் வேறு இல்லாத காலம் அது. விலங்குகள் பெருகவே, 1928இல் அவர் அதனைப் பொங்கோல் கடற்கரைக்கு மாற்றினார். சுமார் 200 விலங்குகளும் 2,000 பறவைகளும் அங்கே இருந்தன என்பர். அவர் பெரிதும் விரும்பி வளர்த்தது ஒரு வங்கப்புலி.

1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, அவ்விடத்தைப் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்ள விரும்பிய பிரிட்டிஷ் படையினர் விலங்குகளை அகற்ற 24 மணி நேரமே தந்தனர். அது முடியாத செயல். கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன, மற்றவை திறந்துவிடப்பட்டன. மறு ஆண்டில் பாசப்பாவும் மறைந்தார். மண்டாய் விலங்குத் தோட்டம் திறக்கப்பட்டது 1973இல்தான்.

பாசப்பாவைக் குறைகூறுவது எம் கருத்தன்று. ஒரு தனி மனிதர் தம் பொருளைச் செலவிட்டு, நகரம் செய்யாததைச் செய்தார். அவர் விலங்குகளை நேசித்தார் என்பதிலும் ஐயமில்லை. நாம் நோக்குவது, அவ்விலங்குகளை நாம் நினைவிற் கொண்டுள்ள முறை. எண்ணிக்கை எஞ்சியிருக்கிறது, அவை எந்தக் காட்டில் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தன என்பது நம் பேச்சில் இல்லை. ‘வங்கப்புலி’ என்ற சொல்லில் மட்டும் காடு சிறிது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 200, 2,000 என்பன கணக்கு. மரா மரத்தடியில் கூட்டத்தைப் பிரிந்த ஆமான் ஓர் உயிர். சுட்டு வீழ்த்தப்பட்டவற்றுக்காக நாம் வருந்த முடியாமற் போவதற்குக் காரணம் நம் நெஞ்சின் வன்மையன்று. அவற்றை ஒவ்வொன்றாக அறிந்துகொள்ளும் சொற்கள் நமக்கு வந்து சேராமையே ஆகும்.

இந்தக் குறை இன்றும் தீரவில்லை. லிட்டில் இந்தியாவில் எருமையின் பெயரால் இரண்டு சாலைகள் இருக்கின்றன. ஒன்று ஆங்கிலத்தில் பஃபலோ சாலை. மற்றொன்று மலாய் மொழியில் கெர்பாவ் சாலை. தேக்காவுக்குக் காய்கறி வாங்க வரும் சிறுவனிடம் அங்கே எருமைகள் ஏன் இருந்தன என்று கேட்டால் விடை வருவதில்லை. வகுப்பில் ‘நான் விரும்பும் விலங்கு’ என்று எழுதச் சொன்னால், “அது மிகவும் அழகானது, அதற்கு நான்கு கால்கள் உண்டு” என்று தொடங்குகிறான். அழகும் காலும் வருகின்றன, நிலம் வருவதில்லை. வளர்ந்தபின் அவனே, யாரும் வைத்திராத விலங்கொன்றைத் தன் வீட்டில் வைக்க ஆசைப்படலாம். தமிழகம், இலங்கை முதலிய இடங்களின் வறண்ட புதர்க்காட்டில் வாழும் நட்சத்திர ஆமை இவ்வாசையால் நாடு கடந்து கடத்தப்படுகிறது. அதன் அனைத்துலக வணிகத்துக்கு 2019இல் மிகக் கடுமையான தடை விதிக்கப்பட்டது; சிங்கப்பூரில் அதனை வீட்டில் வளர்ப்பதற்கும் அனுமதி இல்லை. சட்டம் கையைத் தடுக்கும். ஆனால் “இது எந்நிலத்தது?” என்று கேட்கும் மனத்தைச் சட்டம் உண்டாக்காது. அதனை உண்டாக்குவது மொழிப்பாடத்தின் கடமை.

அதற்கு வாய்ப்பும் நம் கண்முன்னே இருக்கிறது. சிங்கப்பூரின் நீர்நிலைகளிலிருந்து மறைந்துபோயிருந்த நீர்நாய், ஆறுகள் தூய்மை பெற்றபின் 1990-களில் திரும்பி வந்தது. இன்று பீஷானிலும் காலாங்கிலும் அது குடும்பமாக நீந்துவதைக் காணலாம். யாரும் பிடித்துக்கொண்டு வந்ததன்று, தானே வந்தது. சில வீடுகளின் தொட்டியில் வளரும் விலையுயர்ந்த மீன்களை அது தின்றுவிடுவதால் சினம் கொள்வோரும் உண்டு. குறுந்தொகையின் மருதப்பாட்டு ஒன்றில் இதே நீர்நாய் வருகிறது. பிரம்புக்கொடி பின்னிய நீர்நிலையில் அன்றைய இரையாக வாளைமீனைப் பெறுகிறது. மீன் பிடிப்பது அதற்குக் குற்றமன்று, வாழ்வு. மருதத்தின் கருப்பொருள் ஒன்று தன் நிலத்தைத் தேடி வந்திருக்கிறது என்று மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், குறுந்தொகையையும் காலாங் ஆற்றையும் ஒரே பாடத்தில் நடத்தியவர் ஆவார்.

நன்னன் வாயிலிலிருந்து நாம் பெறும் அளவுகோல் எளியது. ஒரு விலங்கைப் பற்றி எழுதுவோன் அதன் மரபுப்பெயரை அறிந்திருக்க வேண்டும். அதன் நிலத்தைச் சொல்ல வேண்டும். அது எக்கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை மறவாதிருக்க வேண்டும். அரசனைப் புகழ வந்த இடத்திலும் பெருங்கௌசிகனார் இம்மூன்றையும் கைவிடவில்லை. அடுத்த முறை மாணவர்க்கு விலங்கைப் பற்றிய கட்டுரை கொடுக்கும்போது, நிறத்தையும் காலையும் எழுதுமுன் இம்மூன்றையும் எழுதச் சொல்லிப் பார்க்கலாம். கூண்டுக்குள் இருக்கும் விலங்கைப் பற்றி எழுதுவோனுக்கும் அப்போது காடு தெரியும்.