நீரூற்று மீனும் தாய்மாமனும்

நகைச்சுவைப் படங்களைக் குறித்து எழுதுவதை நம்மிடையே கற்றோர் பலர் தம் தகுதிக்குக் குறைவானதாகவே கருதி வந்துள்ளனர். அழவைக்கும் கதைக்கு உரை எழுதுவோர் உண்டு. வழுக்கி விழுபவனுக்கு உரை எழுதுவோர் அரிது. ஆயினும் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்க படம் எது என்னும் கேள்வி நம் இல்லங்களில் அடிக்கடி எழத்தான் செய்கிறது. 'ஆபாசம் இல்லாதது' என்னும் எதிர்மறை விடையோடு நாம் நின்றுவிடுகிறோம். ஒரு படத்தில் எது இல்லை என்பதைக் கொண்டு மட்டும் அதைத் தேர்வது போதுமா? அது நம்மை எவ்வாறு சிரிக்கவைக்கிறது, யாரைப் பார்த்துச் சிரிக்கவைக்கிறது என்பதையும் கேட்க வேண்டாமா? பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தி 1958இல் அளித்த 'மோன் ஓங்கிள்' என்னும் படத்தை முன்வைத்து இதைச் சற்றே ஆராய்வோம்.

தாத்தி (1907–1982) மேடையில் ஊமைக்கூத்து நிகழ்த்திப் பெயர் பெற்ற பின்னரே திரைக்கு வந்தவர். வாழ்நாள் முழுவதிலும் அவர் எடுத்த முழுநீளப் படங்கள் ஆறே. அவற்றுள் மூன்றாவதான இப்படம் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும், பின்னர் சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. கதை என்று சொல்லத்தக்கது சிறிதே. ஆர்பெல் என்பவர் நெகிழிக் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையின் தலைவர். அவரும் மனைவியும் மகன் ழெராரும் வாழும் இல்லம் கோணமும் வட்டமும் கொண்டு அளந்து கட்டிய புதுமை மாளிகை. மனைவியின் உடன்பிறந்தானாகிய யூலோவோ பழைய பேட்டை ஒன்றில் மாடியறையில் வாழும் வேலையற்ற மனிதர். மழையங்கி, தொப்பி, புகைக்குழாய், கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும் காற்சட்டை ஆகியவையே அவர் அடையாளம். இவருக்கு ஒரு வேலையும் ஒரு மணப்பெண்ணும் தேடித் தர அக்குடும்பம் முயல்கிறது. இரண்டும் கைகூடாமற்போக, இறுதியில் அவரைத் தொலைவுக்கு அனுப்பிவிடுகிறது.

யூலோ ஏறத்தாழ வாய் திறப்பதே இல்லை. ஏனையோர் பேசுகின்றனர், ஆனால் அப்பேச்சு நம் காதில் விழ வேண்டும் என்று இயக்குநர் கருதவில்லை. தமிழ் வாசகர்க்கு வசனமில்லாப் படம் என்றவுடன் சிங்கீதம் சீனிவாசராவ் 1987இல் இயக்கி, தமிழில் 'பேசும் படம்' என்று பெயர் பெற்ற படமே நினைவுக்கு வரும். அதில் பேச்சு முற்றிலும் விலக்கப்பட்டிருந்தது. தாத்தி செய்வது வேறு. அவர் பேச்சை விலக்கவில்லை. காலடி ஓசை, குழாயின் களகளப்பு, இயந்திரத்தின் ரீங்காரம் ஆகியவற்றுக்கு இணையான ஓர் ஓசையாக அதைத் தாழ்த்திவிடுகிறார். காட்சிகளைப் படமாக்கிய பின் ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே தேர்ந்து பொருத்துவது அவர் வழக்கம். எனவேதான் ஆர்பெல் அம்மையாரின் குதிகால் ஒலி அவர் சொல்லும் எந்தச் சொல்லையும்விடத் தெளிவாகக் கேட்கிறது. ஒலிபெயர்ப்போ அடிவரியோ இல்லாமலே ஆறு வயதுக் குழந்தையும் அறுபது வயதுப் பாட்டியும் ஒருசேர இதைப் பின்தொடர முடிவது இதனால்தான்.

இப்படத்தைப் பற்றி எழுதுவோர் பலர் இதனை இயந்திர நாகரிகத்தின் மீதான தாக்குதல் என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. இயந்திரங்கள் இதில் தொல்லை தருவது உண்மையே. தன்னால் திறந்து மூடும் வாகனக் கொட்டிலின் கதவை, கண்ணுக்குத் தெரியாத கதிரின் குறுக்கே ஓடிய வளர்ப்பு நாய் மூடிவிட, கணவனும் மனைவியும் உள்ளே சிக்கிக்கொள்கின்றனர். வெளியிலிருக்கும் பணிப்பெண், மின்சாரம் தாக்கிவிடுமோ என்று அஞ்சி அக்கதிரைக் கடக்கத் தயங்கி நிற்கிறாள். ஆனால் தாத்தியின் கூர்மை இயந்திரத்தில் இல்லை. தோட்டத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கும் உலோக மீனில் இருக்கிறது.

அந்த மீன் ஒரு நீரூற்று. வாயிலில் மணி ஒலித்தவுடன் ஆர்பெல் அம்மையார் விரைந்து ஒரு விசையை அழுத்துவார். மீனின் வாயிலிருந்து நீர் பீறிட்டெழும். வந்தவர் மதிப்புக்குரிய விருந்தினர் என்றால் அது தொடரும். வந்தவர் பொருள் கொணர்ந்த ஏவலாளோ, தம் தம்பியோ என்று கண்டால் உடனே நிறுத்தப்படும். சில வேளைகளில் பாதி எழுந்த நீர் இருமிக்கொண்டே அடங்கும். இந்தச் சிறு வேடிக்கை படம் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் சிரிப்பு கூடுகிறதேயன்றிக் குறையவில்லை. காரணம், இதில் நாம் காண்பது ஒரு குழாயை அன்று. முகம் பார்த்துத் திறந்து மூடும் மனத்தை. விருந்தோம்பலைத் தகுதி பார்த்து அளந்து தருவதும், நற்செயலைப் பிறர் காணும் பொருட்டுச் செய்வதும் நமக்கு அந்நியமான நோய்கள் அல்ல. முகஸ்துதி என்று நாம் பெயரிட்டு அஞ்சும் பண்பை ஒரு விசையும் ஒரு மீனும் கொண்டு, ஒரு சொல்லும் இல்லாமல், இவ்வளவு துல்லியமாக வேறெவரும் காட்டியதாக நமக்குத் தெரியவில்லை. தோட்ட விருந்தின்போது நிலத்தடிக் குழாய் துளைபட்டு, நீர் எழக்கூடாத இடத்தில் எழுகிறது. விருந்தினர் மேசையையும் நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு, நடைக்கெனப் பதித்த கற்களைவிட்டு விலகாமல் இடம் மாறுகின்றனர். அப்போதும் எவரும் மரியாதைப் புன்னகையைக் கைவிடுவதில்லை!

இங்கே இன்னொன்றையும் கூற வேண்டும். இவ்வளவு ஏளனத்துக்கு இடமிருந்தும் தாத்தி ஆர்பெல் தம்பதியரை இழிவுபடுத்தவில்லை. அவர்கள் கொடியவர் அல்லர். ஒருவர்மீது ஒருவர் அன்புள்ளவர். மகனுக்கு நன்மையே நாடுபவர். காமிரா எப்போதும் எட்டியே நிற்கிறது. அண்மைக் காட்சி என்பது கிட்டத்தட்ட இல்லை. விழுந்தவனின் முகத்தை நெருங்கிச் சென்று அவன் நாணத்தைக் கூட்டிக் காட்டும் வழக்கம் அவரிடம் கிடையாது. உடற்குறையையும் நிறத்தையும் பருமனையும் காட்டிச் சிரிப்பு வாங்குவதும், கன்னத்தில் அறை விழுவதையே நகைச்சுவை என்பதும் பழகிப்போன நம் தமிழ்த் திரைக்கு இது ஒரு பாடமாகக்கூடும்.

பழைய பேட்டையின் யூலோவிடமோ எந்த விசையும் இல்லை. தம் அறைக்கு அவர் ஏறிச் செல்வதைத் தெருவில் நின்றவாறே நாம் காண்கிறோம். ஒரு சன்னலில் தலை, மற்றொன்றில் கால் எனத் துண்டு துண்டாகத் தோன்றி மறைந்து, சுற்றி வளைத்துத்தான் உச்சியை அடைகிறார். தம் சன்னற் கதவை அவர் மெல்லத் திருப்ப, அதன் கண்ணாடியில் பட்ட வெயில் எதிர்ப்புறக் கூண்டுப் பறவையின்மேல் விழுகிறது, பறவை பாடுகிறது. கோணம் மாறினால் பாட்டு நின்றுவிடும். எனவே அதைச் சரியாக நிறுத்திவைத்துவிட்டே நகர்கிறார். இடிந்த மதிலைக் கடக்கையில் காலில் பட்டு விழுந்த ஒரு செங்கல்லையும் எடுத்து அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகும் மனிதர் அவர்.

படத்தின் தலைப்புக்குத் தமிழே பொருத்தமான மொழி என்று தோன்றுகிறது. பிரெஞ்சுச் சொல் தாயின் உடன்பிறந்தானையும் தந்தையின் உடன்பிறந்தானையும் வேறுபடுத்துவதில்லை. அரபு 'ஃகால்' என்றும் 'அம்' என்றும் பிரிக்கிறது; தமிழ் மாமா என்றும் சித்தப்பா, பெரியப்பா என்றும் பிரிக்கிறது. யூலோ ழெராரின் மாமா. தந்தைக்குரிய கண்டிப்பின் சுமை இல்லாமல், தாய்வழி உரிமையோடு மருமகனை ஊர் சுற்ற அழைத்துச் செல்லும் இடம் மாமாவினுடையது. அழுக்குக் கையோடு ஒருவர் பொரித்துத் தரும் சர்க்கரைப் பண்டத்தைச் சிறுவன் நண்பர்களோடு உண்பதும், அவர்கள் மறைந்து நின்று சீழ்க்கையடித்து, திரும்பிப் பார்த்த வழிப்போக்கரை விளக்குக் கம்பத்தில் மோதவைப்பதும் மாமாவின் நிழலில் கிடைக்கும் சுதந்திரங்கள். ஆர்பெலின் எரிச்சலுக்கு வேர் யூலோவின் சோம்பல் அன்று. தம் மகன் தம்மைவிட்டு மாமாவின் கையைப் பற்றிக்கொள்வதே.

குறை கூறாமல் விட இயலாத ஓரிடம் உண்டு. பாரிஸை அடுத்த சேன்-மோரில் படமாக்கிய அப்பழைய பேட்டை அளவுக்கு மீறி இனிமையானது. அன்றைய பிரான்சில் வீட்டுப் பஞ்சம் கடுமையானது. 1954 பிப்ரவரிக் குளிரில் வீடற்றோருக்காக அபே பியேர் என்னும் பாதிரியார் வானொலி வழியே விடுத்த வேண்டுகோள் நாட்டையே உலுக்கியது. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்ந்தவர்க்கு ஆர்பெல் வீட்டின் தண்ணீர்க் குழாய் கேலிப்பொருளாகத் தோன்றியிராது. மேலும், இப்படம் திரைக்கு வந்த 1958 மே மாதத்திலேதான் அல்ஜியர்ஸில் எழுந்த கிளர்ச்சி பிரான்சின் நான்காம் குடியரசை வீழ்ச்சிக்குத் தள்ளியது. அல்ஜீரிய விடுதலைப் போர் அப்போது நான்காம் ஆண்டில் இருந்தது. பாரிஸின் மறுபுறத்தில், நாந்தேரில், தகரமும் பலகையும் கொண்டு எழுப்பிய குடிசைகளில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியத் தொழிலாளர் சேற்றோடு வாழ்ந்துகொண்டிருந்தனர். தாத்தியின் பேட்டைச் சதுக்கத்தில் அவர்களுள் ஒருவருக்கும் இடமில்லை. நகைச்சுவைப் படம் வரலாற்று நூலாக வேண்டியதில்லை என்பது சரியே; எனினும் பழமையின் அன்பு நிறைந்த முற்றம் என்று ஒரு கலைஞர் வரையும்போது, அம்முற்றத்தில் யார் அமர அழைக்கப்படவில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்கிறோம். ஆர்பெலின் மீன் மட்டும்தானா முகம் பார்த்தது?

ஆயினும் முடிவுக் காட்சி மீண்டும் தாத்தியின் பக்கம் நம்மை இழுத்துவிடுகிறது. வெளியூர் வேலைக்கு யூலோவை அனுப்ப, தந்தையும் மகனும் விமான நிலையத்துக்கு வருகின்றனர். கூட்டத்தில் மறையும் மைத்துனரின் கவனத்தைத் திருப்ப ஆர்பெல் ஒரு சீழ்க்கையடிக்கிறார். யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்து, நேரே கம்பத்தில் மோதிக்கொள்கிறார். தந்தையும் மகனும் குற்றவாளிகளைப் போல் வண்டியின் பின்னே பதுங்குகின்றனர். சிறுவனின் கை மெல்ல நீண்டு தந்தையின் கையைப் பற்றுகிறது. பெருஞ்செலவில் கட்டிய வீட்டாலும் ஒழுங்காலும் ஆர்பெலுக்குக் கிட்டாத கை அது. பின்னர் வண்டி நகர, பழைய பேட்டையின் நாய்கள் வழக்கம்போல் சதுக்கத்தில் ஓடி விளையாடுகின்றன.