ஐந்து மணிக்கு வந்தவர்கள்

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சத்தோட்டக் கதையை ஞாயிறு வகுப்பு நாளிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. தோட்டக்காரர் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய் ஆள் எடுக்கிறார். ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணி என்று திரும்பத் திரும்பப் போகிறார். வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போது, மாலை ஐந்துக்கும் போகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி. காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

ஈப்போவில் நான் கேட்ட பிரசங்கங்களில் இதற்கு ஒரே விளக்கம்தான். கடைசி நேரத்தில் மனந்திரும்பினாலும் பரலோகம் உண்டு, ஆகவே போய்ச் சுவிசேஷம் சொல்லுங்கள். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதையில் கூலி இருக்கிறது, வெயில் இருக்கிறது, யாரும் கூப்பிடாததால் நாள் முழுக்கச் சும்மா நின்ற ஆள் இருக்கிறான். அவனை வெறும் உருவகமாக்கிவிட்டால் கதையில் பாதி போய்விடுகிறது.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். இருட்டில் பெரட்டுக்கு நின்றவர். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசு இல்லை. அவருக்கு இந்தக் கதையில் குழப்பமே வந்ததில்லை. "சாயங்காலம் வந்தவன் வீட்லயும் அடுப்பு எரியணும்ல" என்பார். அவ்வளவுதான் அவருடைய இறையியல். நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் இதைவிட நெருக்கமாக அந்த வசனங்களிடம் போனதில்லை.

ஒரு காரணம் மொழி. ஹென்றி பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பைத் தழுவிய பழைய வேதாகமத்தில் அந்த நாணயம் வெறும் 'பணம்'. சம்பளம் கொடுப்பவர் 'காரியக்காரன்'. 1995இல் வந்த திருவிவிலியத்தில் பணம் 'தெனாரியம்' ஆகிறது, காரியக்காரன் 'மேற்பார்வையாளர்' ஆகிறார். தெனாரியம் துல்லியமான சொல்தான், ஆனால் அது ரோமாபுரிக்குப் போய்விடுகிறது. 'பணம்' பாட்டியின் முந்தானை முடிச்சிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் வழக்கில் 'தோட்டம்' என்றாலே எஸ்டேட். திராட்சை என்ற முன்னொட்டு பாட்டியின் காதில் விழுந்திருக்குமா என்பதே சந்தேகம்.

பழைய மொழிபெயர்ப்பின் இன்னொரு சொல் 'வன்கண்ணன்'. கிரேக்க மூலத்திலும் அங்கே இருப்பது கெட்ட கண்தான். திருவிவிலியம் அதைப் 'பொறாமை' என்று தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் பொறாமை மனசுக்குள் நடப்பது, வன்கண் இன்னொருவன் தட்டின் மேல் போய் விழுவது. மாறாக, முணுமுணுத்தவனை முதலாளி கூப்பிடும் இடத்தில் புதியது ஜெயிக்கிறது. பழையதில் 'சிநேகிதனே', புதியதில் 'தோழரே'. சங்கக் கூட்டத்தில் காதில் விழும் சொல்.

இனி இந்தக் கதையில் எனக்கிருக்கும் சிக்கலுக்கு வருகிறேன். என் பணத்தை என் இஷ்டப்படி கொடுக்க எனக்கு உரிமையில்லையா என்று முதலாளி கேட்கிறாரே, அந்தக் கேள்வியை ஒரு தோட்டத் துரையின் வாயில் வைத்துப் பாருங்கள். 1920களின் இறுதியில் மலாயாவில் தமிழ்த் தொழிலாளிக்கான நிர்ணயக் கூலி, முக்கியப் பகுதிகளில், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. நெருக்கடி வந்ததும் அதையும் குறைத்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர்களும் முணுமுணுத்தவர்கள்தானே? இயேசு யார் பக்கம்?

பல நாள் யோசித்த பிறகு எனக்குப் பிடிபட்டது இது. கிள்ளான்காரர்கள் தங்களை உயர்த்தச் சொன்னார்கள். கதையில் வருபவர்கள் அடுத்தவனைத் தாழ்த்தச் சொல்கிறார்கள். இரண்டு முணுமுணுப்பும் ஒன்றல்ல. கதையின் முதலாளி தன் உரிமையை ஒரே திசையில்தான் பயன்படுத்துகிறார். பேசியதைவிடக் குறைவாக யாருக்கும் கொடுக்கவில்லை. இருட்டுவதற்குள் கொடுத்தும் விடுகிறார். ஏழையின் கூலியைப் பொழுது போகுமுன் கொடு என்பது உபாகமம் 24ஆம் அதிகாரத்துக் கட்டளை. துரை இந்த வசனத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது, கதையே அவருக்கு எதிர்சாட்சி.

பேராக்கில் இந்தக் கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தொழிலாளிகளே தோட்டம் வாங்கினார்கள். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' அந்தத் துண்டாடல் காலத்து நாவல். ஆனால் எல்லாரும் முதலாளி ஆகவில்லை. பலர் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, எங்களைப் போல ஈப்போவின் அடுக்குமாடிகளில் சேர்ந்தார்கள். பால்மரம் போய் செம்பனை வந்தது. அங்கே இன்று வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள். ஐந்து மணிக்கு வந்தவர்கள்.

2013இல் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக நடைமுறைக்கு வந்தது. 2025இல் 1,700 ஆனது. உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரே அளவு. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு பெரியவர் சொன்னார்: "நம்ம தாத்தா காடு அழிச்சு மரம் நட்டாரு. நேத்து வந்தவனுக்கும் நமக்கும் ஒரே சம்பளமா தம்பி?" நான் தலையாட்டினேன். அன்று காலை பிரசங்கம் இதே கதைதான்.

நான் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். மிகைநேரத் தாள்களில் கையெழுத்துப் போடுவது என் வேலைகளில் ஒன்று. அதாவது நான்தான் அந்தக் காரியக்காரன். ஒரு மாதம் நேப்பாளத் தொழிலாளி ஒருவரின் மணிக்கணக்கு குறைவாக எழுதப்பட்டு வந்தது. கவனித்தேன், கையெழுத்தும் போட்டேன். அடுத்த சனிக்கிழமை சபை இளைஞர்களோடு தொழிலாளர் விடுதிக்கு அரிசியும் துண்டுப் பிரசுரமும் கொண்டுபோனோம். அவர் அங்கே இருந்தார். பிரசுரத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பாஸ், என் ஓடி கணக்கு?" என்று மலாயில் கேட்டார். என் கையில் இன்னும் பத்துப் பிரசுரங்கள் இருந்தன. எதையும் கொடுக்க முடியவில்லை.

முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்த நம் அரசமைப்பின் 11(4) பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் ஊழியத்துக்கு வழியில்லை என்று சபையில் அடிக்கடி அங்கலாய்க்கிறோம். யாருடைய கூலியையும் ஒழுங்காகக் கணக்கிட எந்தச் சட்டமும் தடையாக இல்லை. கதையில் முதலாளி ஐந்து முறை வெளியே போகிறார். ஒருமுறைகூடப் பிரசங்கம் செய்யவில்லை. ஏன் நிற்கிறாய் என்று கேட்கிறார், வேலை கொடுக்கிறார், பொழுது போகுமுன் கூலி கொடுக்கச் சொல்கிறார். சுவிசேஷம் அறிவிப்பது என்பதை நான் இனிமேல் இங்கிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும்.

திங்கட்கிழமை அந்தத் தாளைத் திருத்தி மேலே அனுப்பினேன். கேள்வி வந்தது, பதில் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவருக்குப் பாக்கி கிடைத்தது. இதைச் சபையில் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அவருடைய காசு அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதில் நான் சொல்ல என்ன சாட்சி இருக்கிறது?