மாடலருக்கு எந்த பாக்ஸ்?

ஆம்ப்களின் ஒலியைப் போலச் செய்யும் கிதார் மாடலர் வாங்கப் போகிறவர்கள் உள்ளே எத்தனை ஆம்ப் இருக்கிறது, எத்தனை எபெக்ட் இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதை எதில் இணைத்துக் கேட்கப் போகிறோம் என்ற யோசனை கடைசியில் வரும். அதற்குள் கையில் இருந்த காசு தீர்ந்திருக்கும். எனக்கு இது பெரிய வருத்தம். மாடலரின் சுகம் பாதிக்கு மேல் அந்த பாக்ஸில்தான் இருக்கிறது.

1998இல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற 'பாட்' வந்தது. 2006இல் ஆக்ஸ்-எப்எக்ஸ், 2015இல் ஹெலிக்ஸ், 2020இல் அறிவிக்கப்பட்ட குவாட் கார்டெக்ஸ் என்று நுட்பம் ஏறிக்கொண்டே போனது. இவை ஆம்போடு நிற்பதில்லை. அதன் ஸ்பீக்கர் பெட்டியான கேபையும் கேபின் முன்னால் வைத்த மைக்கையும் சேர்த்தே போலச் செய்கின்றன. ஐஆர் என்று வாசிப்பவர்கள் சொல்வது, அந்தக் கேபும் மைக்கும் சேர்ந்து ஒலியை மாற்றும் விதத்தைப் பிடித்துவைத்த ஒரு சிறு கோப்பு. ஆக மாடலரிலிருந்து வெளியே வருவது, ஸ்டுடியோவில் பதிவாகி முடிந்த கிதார். அதைக் கொண்டுபோய் இன்னொரு கிதார் ஸ்பீக்கரில் விட்டால் பானைக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். சாதாரண 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிப்போகும். ஏற்கெனவே மங்கியதை மறுபடி மங்கவைப்பானேன்?

கேபின் சுகம் வேண்டுமென்றால் மாடலருக்குள் கேப் பகுதியை அணைத்துவிட்டு, ஒரு பவர் ஆம்ப் வழியாக நிஜமான கேபில் வாசிக்கலாம். முதுகுப் பக்கம் காற்று அதிரும், தந்தியும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று தூண்டும். அந்த இன்பத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஆம்பைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த ஒரே ஸ்பீக்கரின் முகம்தான் தெரியும். எல்லா முகங்களும் வேண்டுமென்றால் எப்ஆர்எப்ஆர்தான் வழி. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை எதையும் கூட்டாமல் குறைக்காமல் கொடுக்கும் பாக்ஸ் அது. லைன் 6இன் பவர்கேப், 2023இல் பெண்டர் கொண்டுவந்த எப்ஆர்-12 ஆகியவை அந்த வகை. பெண்டர் பாக்ஸிலேயே பாஸ், மிட், ட்ரெபிள், ஹை கட் குமிழ்கள் உண்டு. வாசிக்கும் கை திருப்பிப் பழகிய குமிழ்கள் அவை. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதன் மேல் மதிப்பு.

எங்கள் பக்கத்து ரசனைக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்குப் போனார். மின்கருவி தந்த நீடிப்பில்தான் அவருடைய கமகம் முழுதாக அசைந்தது. ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா மின்கிதாரில் கர்நாடக இசை வாசிக்கிறார். கொச்சியின் மதர்ஜேன் குழுவில் இருந்த பைஜு தர்மஜன் ராக் இசைக்குள் அதே நெளிவுகளைக் கொண்டுவந்தவர். தந்தியை மீட்டிய கணத்துக்குப் பிறகு, நாதம் தேய்ந்துகொண்டே போகும் இடத்தில்தான் அந்த அசைவு நடக்கிறது. நல்ல எப்ஆர்எப்ஆரில் அந்தத் தேய்மானத்தின் கடைசி நெளிவும், விரல் தந்தியில் உரசும் ஓசையும் தெளிவாக வரும். பல கேபுகளில் நடுப்பகுதி ஒலி உப்பி அதை மூடிவிடுகிறது.

வீட்டு விஷயம் வேறு. எங்கள் திருவனந்தபுரம் பக்கத்துப் போனக்காடு அகஸ்தியர்கூட மலையின் அடிவாரம். தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்துபோன பின்னும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற ஊர். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மேடைக்கான 12 அங்குல பாக்ஸை அங்கே திறந்துவிட்டால் அண்டை வீட்டுக்காரருக்குத் தண்டனை. ஐந்து அங்குல ஸ்டுடியோ மானிட்டர் ஒரு ஜோடி, காது உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் போதும். பெருமழையில் கூரை இரையும்போது மெல்லிய நாதம் அதில் மூழ்கிப்போகும். அந்த நேரத்துக்கு ஹெட்போன்.

வீட்டில் மெதுவாக வைத்து உருவாக்கிச் சேமித்த ஒலியமைப்பு, அதாவது பேட்ச், மேடையில் ஏன் கெட்டுப்போகிறது என்று பலர் குழம்புகிறார்கள். 1933லேயே ஒலி ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் இதற்கான காரணத்தை வரைகோடுகளாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஒலி குறையக் குறைய நம் காதுக்கு பாஸ் வெகுவாகவும் உச்ச ஒலி ஓரளவும் குறைவாகக் கேட்கும். அதை ஈடுகட்ட வீட்டில் இரண்டையும் ஏற்றிவைப்போம். மேடையில் ஒலி ஏறியதும் பாஸ் குமுறும், ட்ரெபிள் குத்தும். மேடைக்கான பேட்சை மேடை அளவு சத்தத்தில்தான் சரிசெய்ய வேண்டும். பகலில் அருகிலுள்ள விதுரா பக்கம் ஏதாவது ஒரு ஹாலில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அது பெரிய வரம்.

திருவனந்தபுரம் பக்கத்துக் கானமேளா என்னும் பாட்டுக் கச்சேரி மேடைகளில் மாடலர் நிஜமாகவே வாழ்கிறது. 35 கிலோவைத் தாண்டும் நாலு ஸ்பீக்கர் கேபை மலைச்சாலையில் ஜீப்பில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. மாடலரின் எக்ஸ்எல்ஆர் வயர் நேராக மைக் செட்டுக்காரரின் மிக்சருக்குப் போகும். இன்னொரு வயர் என் பாக்ஸுக்கு. அந்த பாக்ஸைத் தரையில் படுக்கவைத்துக் காதை நோக்கிச் சாய்த்தே வைப்பேன். நிமிர்த்தி வைத்தால் உச்ச ஒலி முழங்காலைத் தாண்டி முதல் வரிசைக்காரர் முகத்தில் போய் விழும். எனக்கு மந்தமாகக் கேட்கிறதே என்று ட்ரெபிளை ஏற்றினால் பாதிக்கப்படுவது அவர்தான். தரையில் கிடக்கும் பாக்ஸில் பாஸ் கூடுதலாகத் திரளும். ஆகவே குளோபல் ஈக்யூவை என் பாக்ஸுக்குப் போகும் வெளியீட்டுக்கு மட்டும் வைத்து, 100 ஹெர்ட்ஸ் பக்கம் சற்றுக் குறைப்பேன். பல மாடலர்களில் இந்த வசதி உண்டு. மிக்சருக்குப் போகும் ஒலியை அது தொடாது. ஜெனரேட்டர் மேடையில் இரைச்சல் கிளம்பினால் கிரவுண்ட் லிப்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

சவுண்ட் செக்குக்கு ஐந்தே நிமிடம் கிடைத்தாலும் டிஸ்டார்ஷனில் தொடங்க மாட்டேன். அது எந்த பாக்ஸிலும் கம்பீரமாகத்தான் கேட்கும். சுத்தமான டோனில், கீழ்த் தந்தியில் ஒரு நீண்ட காந்தாரத்தை அசைத்து, அது தேய்ந்து முடியும்வரை ஒரு நண்பரை மேடைக்குக் கீழே நின்று கேட்கச் சொல்வேன்.