தூணில் வாழ்ந்த ஓவியம்

ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியம் என்றவுடன் ஹொக்குசாயின் பேரலையும் ஹிரோஷிகேயின் மழைக்காட்சியும் நினைவுக்கு வருவது இயல்பே. அவ்விருவரும் புகழ் பெறுமுன்னரே, 18ஆம் நூற்றாண்டில், இன்றைய தோக்கியோவாகிய எடோ நகரத்து இல்லங்களின் தூண்களை அணிசெய்தவை ‘ஹஷிரா-எ’ எனப்படும் தூண் ஓவியங்கள். கலை பயில்வோர் பலரும் இவற்றை விரைந்து கடந்துவிடுகின்றனர். வீட்டு அலங்காரப் பொருள்தானே என்னும் எண்ணம்! அவ்வெண்ணம் பொருந்துமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

தூண் ஓவியத்தின் உயரம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். அகலமோ 12 அல்லது 13 சென்டிமீட்டரே. 1740களில் தோன்றிய இவ்வடிவத்திற்குத் தாமே மூலவர் என ஒகுமுரா மசனொபு தம் படங்களில் பொறித்துக்கொண்டார். (வாணிபத்திலும் அவர் வல்லவர் போலும்!) 1765இல் பன்னிற அச்சு மலர்ந்தபின் சுசுகி ஹருனொபு இதனை வளர்த்தார். 1770இல் அவர் மறைந்தபின் இத்துறையில் முதன்மை பெற்றவர் இசொதா கொரியுசாய்.

இத்துணைக் குறுகிய தாளில் ஓர் உருவம் கைவீசி நிற்கவும் இடமில்லை. ஆகவே ஓவியர் உடலைத் துணிந்து வெட்டினர். கதவிடுக்கின் வழியே காண்பது போல் ஒரு தோளும் ஆடையின் ஒரு மடிப்புமே தெரியும். எஞ்சியதைக் காண்பவர் உள்ளம் நிரப்பிக்கொள்ளும். 1748இல் அரங்கேறிய ‘சூஷிங்குரா’ நாடகத்தின் ஒரு காட்சி இவ்வடிவத்திற்கென்றே பிறந்தது எனலாம். நடுவில் தலைவன் மறைமடல் படிக்கின்றான். மேல்மாடத்து நங்கை அதனைக் கண்ணாடியில் பார்த்துப் படிக்கின்றாள். தாழ்வாரத்தின் அடியில் ஒளிந்த ஒற்றனோ தொங்கும் மடலின் நுனியைப் படிக்கின்றான். மூவரையும் இணைப்பது நெடிது இறங்கும் அம்மடல் ஒன்றே. அகன்ற தாளில் இக்காட்சி இவ்வளவு இறுக்கம் பெறுதல் அரிது.

கொரியுசாய் வரைந்தவை அனைத்தும் இத்தரத்தன அல்ல. ஆடையின் பூவேலையை மட்டும் மாற்றி, நின்ற கோலத்து நங்கையரையே திரும்பத் திரும்பத் தந்த சலிப்பூட்டும் படங்களும் உள.

தூணில் தொங்கியவை கணப்பின் புகையும் பகலொளியும் பட்டுப் பழுப்பேறின; கிழிந்தன; எறியவும் பட்டன. இன்று நிறம் மங்காத படிகளையே சேகரிப்போர் போற்றுகின்றனர். அத்தகைய படி நெடுநாள் தூணில் தொங்கியிருக்க இயலாது. பழுப்பேறிய படியோ ஒரு குடும்பத்தாரின் கண்முன் ஆண்டுக்கணக்கில் இருந்தது. அதனைக் ‘குறையுடையது’ எனப் பட்டியலில் குறிப்போர், அப்பழுப்பு வந்த வழியையும் உடன் ஒரு வரி எழுதலாம்.