தஜஸ்ஸுஸும் பேரணிப் படப்பதிவும்

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2019 டிசம்பர் 23 அன்று சென்னையில் தி.மு.க. அணியினர் நடத்திய பேரணியைக் காவல்துறை படம்பிடிக்க வேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சேதம் விளைந்தால் பொறுப்பாளியை அறிய இது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. பேரணியோ அமைதியாக முடிந்தது. அதன்பின் அம்முகங்களைப் பேணி வைக்க நியாயம் யாது?

அதே மாதம் தில்லியில், காணாமற்போன குழந்தைகளைத் தேடுவதற்கென வந்த முக அடையாள மென்பொருள் போராட்டக்காரர்மீது திருப்பப்பட்டதாக நாளேடுகள் எழுதின.

திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம், 12ஆம் வசனம், தஜஸ்ஸுஸ் எனும் துருவியாராய்தலை விலக்குகிறது. இது தனிமனித ஒழுக்கம் மட்டுமே என்பாரோடு நாம் உடன்படோம். ஆட்சியியல் நூல் யாத்த இமாம் மாவர்தீ, மறைவானதைத் துருவ முஹ்தஸிபுக்கே உரிமையில்லை என்றார். கொலை போன்ற மீட்கவியலாத் தீங்கு நடக்கவிருப்பதை நம்பத்தக்கவர் அறிவித்தால் மட்டுமே விலக்களித்தார்.

பேரணி வெளிப்படையானதன்றோ எனலாம். நடந்து செல்வது வெளிப்படை. முகத்தைப் பெயரோடும் முகவரியோடும் இணைத்துச் சேமிப்பது மறைவைத் துருவுவதேயாகும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே வழங்கிற்று. பாலசமுத்திரத்து இளைஞரொருவர் பழநியில் ஓர் ஆர்ப்பாட்டத்தில் நிற்கவும், கடவுச்சீட்டு விசாரணையை எண்ணித் தயங்குவாராயின், எழுதப்பட்ட உரிமையால் பயனென்ன? குற்றம் நிகழாத கூட்டத்தின் பதிவுகளை வரையறுத்த நாளில் அழிப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.